ரெசொனேட்டர் கிட்டார்: தொடக்கத்தில் எந்தச் சுருதி அமைப்பு?

புதுக்கம்பி எழுதியது:

வணக்கம். மூன்றாண்டுகளாகச் சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரை வழக்கமான சுருதியில், அதாவது தடித்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்று கட்டி வாசித்து வருகிறேன். விரல்களால் மீட்டும் பழக்கம் ஓரளவு உண்டு. அண்மையில் ஒரு பழைய ரெசொனேட்டர் கிட்டார், அதாவது உலோகக் கூம்பால் ஒலியைப் பெருக்கும் கிட்டார், கைக்கு வந்து சேர்ந்தது. உடல் மரத்தாலானது, நடுவில் துளைகளிட்ட உலோக மூடியும் அதனடியில் ஒரே அலுமினியக் கூம்பும் இருக்கின்றன, கழுத்தின் பின்புறம் சாதாரணக் கிட்டாரைப் போலவே உருண்டிருக்கிறது.

ஸ்லைடு, அதாவது விரலில் மாட்டிய குழாயைத் தந்திகளின் மேல் நகர்த்தி வாசிக்கும் முறை, கற்க வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டேன். ஒரு பாடம் ‘ஓப்பன் ஜி’ (எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி கார்டு, அதாவது ஜி சுரக்கூட்டு, ஒலிக்கும் அமைப்பு) என்று சொல்லி டி, ஜி, டி, ஜி, பி, டி எனக் கட்டச் சொல்கிறது. மற்றொரு பாடம் அதே ‘ஓப்பன் ஜி’ என்ற பெயரில் ஜி, பி, டி, ஜி, பி, டி என்கிறது. மூன்றாவது பாடம் இரண்டையும் விட்டுவிட்டு ஓப்பன் டி-யில் தொடங்கு என்கிறது. இரண்டாவதை முயன்றேன். ஆறாம் தந்தியை இ-யிலிருந்து ஜி-க்கு ஏற்றும்போது அது இறுகிக்கொண்டே போனது. பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை) பக்கமிருந்து ஒரு முனகல் சத்தம் கேட்கவே பயந்து பாதியிலேயே தளர்த்திவிட்டேன்.

ப்ளூஸ், ப்ளூகிராஸ் ஆகிய அமெரிக்க இசை வகைகள் இரண்டும் எனக்குப் பிடிக்கும். இப்போதைக்கு இந்த ஒரு கருவிதான். எந்தச் சுருதியில் தொடங்குவது, அதற்கு எத்தகைய தந்திகள் போடுவது, இத்தனை நாள் பழகிய கார்டுகள் எல்லாம் வீணாகிவிடுமா என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.


வட்டக்கழுத்து எழுதியது:

பாதியில் நிறுத்தியது நல்ல முடிவு. சுருதியைப் பேசுவதற்கு முன் கழுத்தைப் பேச வேண்டும், ஏனென்றால் நீங்கள் பார்த்த பாடங்கள் இரு வேறு கருவிகளுக்கானவை. பெயர் மட்டும் ஒன்றாக இருந்து குழப்புகிறது.

மின்சார ஒலிபெருக்கி கிட்டாருக்கு வராத 1920களில், இசைக்குழுவின் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே கிட்டார் காதில் விழ வேண்டும் என்பதற்காக ஜான் டோப்யேரா கலிஃபோர்னியாவில் இந்த வடிவத்தை உருவாக்கினார். ஜார்ஜ் போஷாம்ப் என்ற கலைஞரின் வேண்டுகோள்தான் அதற்குத் தூண்டுதல். 1927-இல் நேஷனல் என்ற பெயரில் வெளிவந்த கருவியில் மூன்று சிறு கூம்புகள் இருந்தன. அடுத்த ஆண்டே டோப்யேரா அங்கிருந்து பிரிந்து தம் சகோதரர்களுடன் டோப்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். டோப்யேரா, பிரதர்ஸ் என்ற இரு சொற்களின் தொடக்கத்தைச் சேர்த்த பெயர் அது, ஸ்லோவாக் மொழியில் அதற்கு ‘நல்லது’ என்றும் பொருள். அக்காலத்தில் ஹவாய்த் தீவுகளின் பாணியில் கிட்டாரை மடியில் கிடத்தி எஃகுக் கட்டையால் வாசிப்பது பெரும் மோகமாக இருந்ததால், தொடக்கத்திலிருந்தே சதுரக் கழுத்துள்ளவை, உருண்டைக் கழுத்துள்ளவை என இரண்டு வகைகளும் செய்யப்பட்டன. சதுரக் கழுத்தில் தந்திகள் ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு) மேலே மிக உயரமாக நிற்கும். விரலால் அழுத்தி வாசிக்க முடியாது, அதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல. அந்தக் கனமான கழுத்து கூடுதல் இழுவிசையைத் தாங்கும்.

ஜி, பி, டி, ஜி, பி, டி என்பது அந்தச் சதுரக் கழுத்துக்காரர்களின் அமைப்பு. வழக்கமான சுருதியிலிருந்து அங்கே போக ஆறாம் தந்தியை மூன்று ஃப்ரெட் அளவும் ஐந்தாம் தந்தியை இரண்டு ஃப்ரெட் அளவும் ஏற்ற வேண்டும். இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பதால், அதே தந்தியை மூன்று ஃப்ரெட் ஏற்றினால் அதன் இழுவிசை ஏறத்தாழ 41 சதவீதம் கூடும். இரண்டு ஃப்ரெட் ஏற்றினால் 26 சதவீதம். நீங்கள் கேட்ட முனகலுக்கு அது போதுமான காரணம். உருண்டைக் கழுத்தையும் பழைய கூம்பையும் அந்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டாம்.

டி, ஜி, டி, ஜி, பி, டி என்ற அமைப்பில் இந்த ஆபத்து இல்லை. ஆறாம், ஐந்தாம், முதல் தந்திகளைத் தலா இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கினால் போதும். நடுவிலுள்ள நான்கு, மூன்று, இரண்டு ஆகியவை இருந்த இடத்திலேயே இருக்கும். எதையும் ஏற்றத் தேவையில்லை. ப்ளூஸ் கலைஞர் சன் ஹவுஸ் தம் நேஷனல் கிட்டாரில் பெரும்பாலும் வாசித்தது இந்த அமைப்பில்தான்.

சுரங்களாகச் சொன்னால் நமக்கு இன்னும் எளிது. ஜி-யை ஸட்ஜமாகக் கொண்டால் இந்த அமைப்பு ப, ஸ, ப, ஸ, க, ப ஆகிறது. காந்தாரம் அந்தர காந்தாரம். (ஆங்கில எழுத்தான பி-யையும் பஞ்சமத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் முதல் வாரம் முழுவதும் குழப்பிக்கொண்டேன்.) எதையும் தொடாமல் மீட்டினாலே ஜி மேஜர் ஒலிக்கும். ஸ்லைடை ஐந்தாம் ஃப்ரெட்டின் மேல் நேராக வைத்தால் சி, ஏழாம் ஃப்ரெட்டில் டி, பன்னிரண்டில் மீண்டும் ஜி. ப்ளூஸ் பாடல்களில் பெரும் பகுதி இந்த மூன்று கார்டுகளுக்குள் அடங்கிவிடும்.

பழகியது வீணாகாது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. வழக்கமான சுருதியிலும் இரண்டு ‘ஓப்பன் ஜி’ அமைப்புகளிலும் நான்கு, மூன்று, இரண்டு ஆகிய தந்திகள் டி, ஜி, பி என்றே இருக்கின்றன. அந்த மூன்று தந்திகளில் நீங்கள் அறிந்த அனைத்தும் எங்கும் செல்லும். முதல் மாதப் பயிற்சியை அந்த நடுத் தந்திகளிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதன் காரணம் அதுதான்.


மேல்ஸட்ஜம் எழுதியது:

கழுத்தைப் பற்றிய விளக்கம் முற்றிலும் சரி. ஆனால் தொடக்கச் சுருதி எது என்பதில் நான் மாறுபடுகிறேன். தனியாக அமர்ந்து வாசிக்கப் போகிறவர், அதிலும் தமக்குத் தெரிந்த பாட்டின் மெட்டை எடுத்துப் பார்க்க விரும்புகிறவர், ஓப்பன் டி-யில் தொடங்குவதே நல்லது.

ஓப்பன் டி என்பது டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. டி-யை ஸட்ஜமாக வைத்தால் ஸ, ப, ஸ, க, ப, ஸ. முதல் தந்தியும் ஸட்ஜம், கடைசித் தந்தியும் ஸட்ஜம். கட்டை விரல் அடித் தந்தியில் ஆதார சுருதியைத் தட்டிக்கொண்டே இருக்க, மெல்லிய தந்தியில் ஸ்லைடால் மெட்டைப் பாடலாம். தம்புராவும் பாடகரும் ஒரே கிட்டாரில் அமர்ந்ததைப் போல இருக்கும். மெட்டு எங்கே சுற்றினாலும் இறுதியில் வந்து அமர்வது ஸட்ஜத்தில்தானே? ஓப்பன் ஜி-யில் முதல் தந்தி பஞ்சமத்தில் நிற்பதால் அந்த அமர்வுக்கு ஐந்தாம் ஃப்ரெட்டுக்கோ மூன்றாம் தந்திக்கோ போக வேண்டியிருக்கிறது. பழகியவருக்கு அது ஒரு பொருட்டில்லை. புதியவருக்கு அதுவே பாதித் தடுமாற்றம்.

வழக்கமான சுருதியிலிருந்து இதற்கு வருவதும் இறக்கம் மட்டுமே: ஆறு, இரண்டு, ஒன்று ஆகிய தந்திகளை இரண்டு ஃப்ரெட் அளவும் மூன்றாவதை ஒரு ஃப்ரெட் அளவும் இறக்க வேண்டும். ஐந்தும் நான்கும் அப்படியே இருக்கும். இதே அமைப்பை ஒட்டுமொத்தமாக இரண்டு ஃப்ரெட் ஏற்றினால் ஓப்பன் இ கிடைக்கும். அதே போல ஓப்பன் ஜி-யை ஏற்றினால் ஓப்பன் ஏ. அந்த உயர்ந்த அமைப்புகள் தேவைப்படும்போது தந்தியை முறுக்காமல் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் பிடிப்பான்) போட்டுக்கொள்ளுங்கள்.

ப்ளூஸ் கலைஞர் டாம்பா ரெட்டின் ஒற்றைத் தந்தி ஸ்லைடு வாசிப்பைக் கேட்டுப் பாருங்கள். அவர் பெரிதும் இந்த டி, இ குடும்பத்தில்தான் வாசித்தார். பாடுவதைப் போன்ற அந்த மேல்வரி எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.


வட்டக்கழுத்து எழுதியது:

மேல்ஸட்ஜம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெட்டைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் ப்ளூகிராஸையும் குறிப்பிட்டிருக்கிறார். ஐந்து தந்தி பாஞ்ஜோவின் வழக்கமான சுருதியும் ஜி-தான்; அதன் நான்கு நீளத் தந்திகள் டி, ஜி, பி, டி. உருண்டைக் கழுத்து ஓப்பன் ஜி-யின் மேல் நான்கு தந்திகளும் அவையே. பாஞ்ஜோவின் விரல் ஓட்டங்களை ஓரளவு அப்படியே எடுத்து வரலாம் என்ற வசதியை நான் விடமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எனக்கு முதலாண்டில் சொல்லவில்லை. இவ்விரு அமைப்புகளும் அந்நியமானவை அல்ல. ஓப்பன் ஜி-யின் ஐந்தாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை ஸ, ப, ஸ, க, ப. ஓப்பன் டி-யின் ஆறாம் தந்தியிலிருந்து இரண்டாம் தந்தி வரையும் ஸ, ப, ஸ, க, ப. ஒன்றில் கற்ற உருவத்தை ஒரு தந்தி தள்ளி வைத்தால் மற்றொன்றில் அது அப்படியே வேலை செய்யும். எடுத்துக்காட்டாக, ஓப்பன் ஜி-யில் முதல் தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் ஜி7 கிடைக்கும். ஓப்பன் டி-யில் இரண்டாம் தந்தியை அதே மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் டி7. அதே போல ஓப்பன் ஜி-யில் நான்காம் தந்தியும் முதல் தந்தியும் இரண்டாம் ஃப்ரெட்டில், இரண்டாம் தந்தி முதல் ஃப்ரெட்டில், ஐந்தும் மூன்றும் திறந்தபடி வைத்து, ஆறாவதை மீட்டாமல் விட்டால் சி கார்டு வரும். மூன்று விரல்களே போதும். ஸ்லைடு சுண்டு விரலில் இருந்தால் மீதி மூன்று விரல்களும் சரியாக அதற்குத்தான். அந்த உருவத்தை ஒரு தந்தி தடித்த பக்கம் தள்ளினால் ஓப்பன் டி-யில் ஜி கார்டு.

ஆகவே எதில் தொடங்கினாலும் மற்றொன்றில் பாதி கற்றாகிவிட்டது. தொடக்கத்தில் இரண்டுக்கும் நடுவே தினமும் தாவுவதை மட்டும் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்லைடுக்குத் தேவை காது, காதுக்குத் தேவை மாறாத ஒரு ஸட்ஜம்.


கூம்புவைத்தியன் எழுதியது:

தந்திகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்; கருவி பழுதுபார்க்கும் பக்கத்திலிருந்து சில சொற்கள்.

சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரின் மெல்லிய தொகுப்பில் முதல் தந்தியின் விட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. அதை இ-யிலிருந்து டி-க்கு இறக்கினால் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தந்தி தளர, ஸ்லைடு பட்டவுடன் அது தாழ்ந்து ஃப்ரெட்டில் மோதிக் கிணுகிணுக்கும். பழைய இழுவிசையை மீட்கவே ஏறத்தாழ 13.5 தேவை, ஸ்லைடின் எடையையும் சேர்த்துப் பார்த்தால் 15 அல்லது 16 பொருத்தமாக இருக்கும். இரண்டாம் தந்தி 17 அல்லது 18, ஆறாம் தந்தி 56 என்று வைத்துக்கொள்ளலாம். இவை இறக்கிய சுருதிக்கான தந்திகள் என்பதை மறவாதீர்கள். இந்தத் தடித்த முதல் தந்தியை மீண்டும் இ-க்கு ஏற்றினால் சிக்கல்.

தந்திகளை மாற்றும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்ற வேண்டாம். உங்கள் கருவி ஒற்றைக் கூம்பு என்கிறீர்கள். கூம்பின் உச்சியில் வட்டமான ஒரு சிறு மரத்துண்டும் அதன் மேல் பிரிட்ஜும் இருந்தால் அது பிஸ்கட் வகை. கூம்பு கவிழ்ந்திராமல் கிண்ணம் போல மல்லாந்திருந்து, அதன் மேல் எட்டுக் காலுள்ள உலோகச் சட்டம் நின்றால் ஸ்பைடர் வகை. முன்னதன் கூம்பு ஏறத்தாழ 9.5 அங்குலம், பின்னது 10.5 அங்குலம். பிஸ்கட் வகையில் கூம்பை இடத்தில் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் தந்திகளின் கீழ்நோக்கிய அழுத்தமே. அதை முழுதும் எடுத்துவிட்டால் கூம்பு நகர்ந்து, திரும்பக் கட்டும்போது பிரிட்ஜ் கோணலாக நிற்கும், சுருதி எங்கும் சேராது. ஒரு தந்தியைக் கழற்றி, புதியதைப் போட்டு, ஓரளவு இறுக்கிய பின் அடுத்ததற்குப் போங்கள்.

தடித்த தந்தி நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் கட்டையின்) பள்ளத்தில் சிக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். சுருதி சேர்க்கும்போது டிங் என்று ஒரு சத்தத்துடன் தந்தி துள்ளினால் பள்ளம் குறுகலாக இருக்கிறது என்று பொருள். அதை அகலப்படுத்துவது சிறு வேலைதான், ஆனால் ஆழப்படுத்திவிடக் கூடாது. ஸ்லைடுக்குத் தந்தி சற்று உயரமாக இருப்பதே நல்லது.

முனகல் சத்தத்துக்கு மூடியைக் கழற்றிப் பார்க்கத் தோன்றும். புதிய தந்திகளிலும் அது தொடர்ந்தால் மட்டும் பாருங்கள். பெரும்பாலும் திருகு ஒன்று தளர்ந்திருக்கும்.


மடிக்கிட்டார் எழுதியது:

சதுரக் கழுத்துப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வர வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். உங்கள் கருவிக்கு ஜி, பி, டி, ஜி, பி, டி வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் நாங்கள் ஏன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தால், ப்ளூகிராஸ் பாடங்களைப் பார்க்கும்போது எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பது விளங்கும்.

இந்த அமைப்பு ஸ, க, ப, ஸ, க, ப. கீழ் மூன்று தந்திகளும் மேல் மூன்று தந்திகளும் ஒரே உருவம், ஒரு ஸ்தாயி இடைவெளி. மேலே கற்ற ஒரு துணுக்கை எந்த மாற்றமும் இல்லாமல் கீழே திருப்பி வாசிக்கலாம். 1955-இல் ஃப்ளாட் அண்டு ஸ்க்ரக்ஸ் என்ற ப்ளூகிராஸ் குழுவில் சேர்ந்த ஜோஷ் கிரேவ்ஸ், பாஞ்ஜோவின் மூன்று விரல் உருட்டலை டோப்ரோவுக்குக் கொண்டு வந்தபின் அந்த இரட்டை உருவத்தின் பயன் முழுமையாக வெளிப்பட்டது. மைக் ஆல்ட்ரிட்ஜ், ஜெர்ரி டக்ளஸ் என அடுத்து வந்தவர்களின் வாசிப்பும் அந்த அடித்தளத்தில் எழுந்ததுதான். அவர்களின் பாடங்களில் மேல் நான்கு தந்திகளில் நிகழ்வதெல்லாம் உங்கள் ஓப்பன் ஜி-க்கும் அப்படியே பொருந்தும். ஐந்தாம், ஆறாம் தந்திகளுக்கு இறங்கும் இடத்தில் மட்டும் நின்று யோசிக்க வேண்டும்.

மடியில் வைத்து வாசித்துப் பார்க்க ஆசையிருந்தால் நட்டின் மேல் பொருத்தும் ஓர் உயர்த்திக் கட்டை கிடைக்கும். தந்திகளைத் தளர்த்தி அதைச் செருகி, டி, ஜி, டி, ஜி, பி, டி-யிலேயே எஃகுக் கட்டையால் வாசிக்கலாம். சித்திரவீணை வாசிப்பவரின் இடக்கையைக் கவனித்திருந்தால் அந்த அசைவின் அடிப்படை உங்களுக்குப் புதிதாக இராது.


புதுக்கம்பி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. இரண்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். என்னுடையது பிஸ்கட் வகை என்று தெரிந்துகொண்டேன். முதல் தந்தி 16 உள்ள தொகுப்பை ஒவ்வொன்றாக மாற்றி, ஓப்பன் ஜி-யில் கட்டியிருக்கிறேன். முனகல் நின்றுவிட்டது, மூடியின் ஒரு திருகுதான் காரணம்.

இப்போது வேறு மூன்று தொல்லைகள். முதலாவது, ஸ்லைடை ஐந்தாம், ஏழாம் ஃப்ரெட்டுகளில் வைத்தால் கார்டு சரியாகச் சேரவில்லை, எப்போதும் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கிறது. இரண்டாவது, ஸ்லைடை நகர்த்தும்போதெல்லாம் பின்னால் ஒரு கரகரப்பும் தேவையற்ற ஓசைகளும் வருகின்றன. மூன்றாவது, மைனர் கார்டுகளுக்கு என்ன செய்வது? நேராக வைக்கும் ஸ்லைடு எங்கே வைத்தாலும் மேஜரைத்தானே தருகிறது?


வட்டக்கழுத்து எழுதியது:

முதல் தொல்லைக்குக் காரணம் மூன்றாண்டுப் பழக்கம். விரலால் அழுத்தும்போது இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்துவோம். உலோகக் கம்பிதான் தந்தியின் நீளத்தை முடிவு செய்யும். ஸ்லைடில் அந்த வேலையை ஸ்லைடே செய்வதால், அது ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே, கம்பிக்கு இணையாக நிற்க வேண்டும். உங்கள் கை இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது, ஆகவே தாழ்கிறது. மேலிருந்து குனிந்து பார்க்கும்போது கண் ஏமாற்றும் என்பதால் காதையே நம்புங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் தந்தியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் ஒலியை எழுப்புங்கள், பிறகு அதே இடத்தில் ஸ்லைடை வைத்து வாசியுங்கள். இரண்டும் ஒன்றாகும் வரை மெல்ல நகர்த்துங்கள். தினமும் பத்து நிமிடம் இதைச் செய்தாலே போதும். அதன் பின் ஐந்தாம் தந்தியை ஆதாரமாகத் தட்டிக்கொண்டே மூன்றாம் தந்தியில் ஸ, ரி, க, ம என்று ஒற்றைத் தந்தியில் ஏறி இறங்குங்கள்.

கரகரப்புக்கு மருந்து இரு கைகளிலும் இருக்கிறது. ஸ்லைடுக்குப் பின்னால், அதாவது நட்டின் பக்கம், தந்தியின் மீதிப் பகுதியும் அதிர்கிறது. ஸ்லைடு சுண்டு விரலில் இருந்தால் அதற்குப் பின்னுள்ள விரல்களைத் தந்திகளின் மேல் மெல்லப் படியவிடுங்கள். அழுத்தக் கூடாது, தொட்டிருந்தால் போதும். வலக்கையில், மீட்டாத தந்திகளை அவற்றுக்குரிய விரல்களால் தொட்டு அடக்குங்கள். ஸ்லைடு வாசிப்பில் எந்தத் தந்தி ஒலிக்கிறது என்பதற்குச் செலவிடும் கவனத்தைவிட எந்தத் தந்தி ஒலிக்கக் கூடாது என்பதற்குச் செலவிடும் கவனமே அதிகம். ரெசொனேட்டரின் உரத்த குரலில் இது இரட்டிப்பாகத் தெரியும். ஸ்லைடு மிக லேசாக இருந்தாலும் கரகரக்கும். கண்ணாடியின் ஒலி மென்மை, பித்தளையும் எஃகும் கனமும் கூர்மையும் தரும். உங்கள் தடித்த தந்திகளுக்குச் சற்றுக் கனமானதே பொருந்தும் என்பது என் எண்ணம்.


மடிக்கிட்டார் எழுதியது:

மைனரைப் பற்றி நான் சொல்கிறேன். இது எங்கள் அன்றாடப் பாடு. ஆறு தந்திகளையும் அடிக்காமல் இரண்டை மட்டும் தேர்ந்தெடுப்பதே வழி. ஏ மைனர் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சுரங்கள் ஏ, சி, இ. ஸ்லைடைப் பத்தாம் ஃப்ரெட்டில் வைத்து இரண்டாம், முதல் தந்திகளை மட்டும் மீட்டினால் ஏ-யும் சி-யும் கிடைக்கும். அல்லது ஐந்தாம் ஃப்ரெட்டில் மூன்றாம், இரண்டாம் தந்திகளை மட்டும் மீட்டினால் சி-யும் இ-யும் கிடைக்கும். கூட வாசிப்பவரோ பாடுபவரோ ஏ-யைக் கொடுத்துவிட்டால் கேட்பவர் காதில் அது முழு ஏ மைனராகவே பதியும். தனியாக வாசிக்கும்போது முதல் வழியே தெளிவு.

மைனர் மெட்டையே நிறைய வாசிக்கப் போகிறீர்கள் என்றால் ஓப்பன் டி-யின் மூன்றாம் தந்தியை எஃப் ஷார்ப்பிலிருந்து எஃப்-க்கு இறக்கி டி மைனராக்கிக்கொள்ளலாம். ப்ளூஸ் கலைஞர் ஸ்கிப் ஜேம்ஸின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அமைப்பு அது. இன்னும் சில மாதங்கள் கழித்துத் தொட்டால் போதும்.


மேல்ஸட்ஜம் எழுதியது:

கார்டு சேராததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஸ்லைடு சரியான இடத்துக்கு வந்த பிறகும் ஏதோ உறுத்தினால் இதைப் பாருங்கள். மின்னணு ட்யூனர் காட்டும் பி சம அளவாகப் பிரித்த சுருதி முறைக்கானது. அதில் ஸட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடைவெளி 400 சென்ட் (சென்ட் என்பது ஒரு ஃப்ரெட் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு). இயற்கையாக ஸட்ஜத்தோடு கலந்து இழையும் காந்தாரம் 386 சென்டில் நிற்கிறது. தம்புராவில் தானாகக் காதில் விழும் காந்தாரம் அதுவே. பஞ்சமத்தில் இந்தப் பிணக்கு இரண்டே சென்ட், பொருட்படுத்த வேண்டாம். ஆகவே ஓப்பன் ஜி-யில் இரண்டாம் தந்தியை ட்யூனர் காட்டும் இடத்திலிருந்து 14 சென்ட் வரை இறக்கினால் திறந்த கார்டு தேனாக இழையும். நம் காதுக்கு அது உடனே பிடிபடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தத் தந்தியின் முதல் ஃப்ரெட்டை அழுத்தி வட்டக்கழுத்து சொன்ன சி கார்டைப் பிடித்தால், அங்கே அதே தந்தி சி-யின் ஸட்ஜமாகிவிடுகிறது. இறக்கிய அளவு அப்படியே குறையாகக் கேட்கும். மடியில் வைத்து வாசிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. விரலாலும் ஸ்லைடாலும் கலந்து வாசிப்பவர் ஐந்தாறு சென்டோடு நிறுத்திக்கொள்வதே என் கருத்து.


புதுக்கம்பி எழுதியது:

இரண்டாம் தந்தியை ஆறு சென்ட் இறக்கினேன். வேறுபாடு உடனே தெரிந்தது. ஸ்லைடு இடம் பற்றிய பயிற்சியும் நடக்கிறது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஓரளவு சேர்ந்துவிட்டது, ஏழில் இன்னும் தவறுகிறேன்.

ஓப்பன் ஜி-யிலேயே இருக்க முடிவு செய்திருக்கிறேன். எனினும் மேல்ஸட்ஜம் எழுதியதைப் படித்த பிறகு ஓப்பன் டி-யை ஒரு முறையாவது கேட்டுப் பார்க்கும் ஆவல் விடவில்லை. இதே தந்திகளோடு அங்கே போய் வரலாமா?


கூம்புவைத்தியன் எழுதியது:

போகலாம். ஆறு, நான்கு, ஒன்று ஆகிய தந்திகள் இரண்டிலும் டி-யே என்பதால் மூன்று தந்திகளை மட்டும் தொட வேண்டும்: இரண்டாவதை பி-யிலிருந்து ஏ-க்கும், மூன்றாவதை ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கும் இறக்கிவிட்டு, கடைசியாக ஐந்தாவதை ஜி-யிலிருந்து ஏ-க்கு ஏற்றுங்கள். ஏ என்பது அந்தத் தந்திக்கு வழக்கமான சுருதியிலும் உரிய இடம்தான், ஆகவே அச்சம் வேண்டாம். இழுவிசை மாறியதால் கூம்பும் மிகச் சிறிதளவு எழும்பித் தாழும். நீங்கள் தொடாத மூன்று டி-களும் அதனால் நகர்ந்திருக்கும். அவற்றை மறுபடி சரிபார்த்த பின் வாசிக்கத் தொடங்குங்கள்.